நான் அடிச்ச கோல்

கோலை அடிச்சது நானாம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம். உடுப்பு மாத்துற அறையில, வாங்கில, சுவரோட சாஞ்சு இருக்கிறன், போறவள் வாறவள் எல்லாம் முதுகில தட்டுறாள், ஒருத்தி தலைமயிரைக் கலைச்சுப்போட்டுப் போறாள், மண்டையைத் தொடாதையடி எண்டு கத்தவேணும்போலக் கிடக்கு, கத்தேல்லை, பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறன். பாதி ஆட்டம் முடிஞ்சுது. ஆரோ தட்டில தோடம்பழத் துண்டு நீட்டுகினம், எடுத்து வாயில வைச்சன், புளிக்குது, இது தோடம்பழம், இது எனக்குத் தெரியும், இது என்ர சப்பாத்து, இடது சப்பாத்தின்ர நூல் அவிண்டு கிடக்கு, அதுவும் தெரியுது. ஆனா கோல்? ஆறு வருசமா இந்தக் கிளப்புக்கு விளையாடுறன், ஆறு வருசமும் எங்கட கம்பத்துக்கு முன்னால நிண்டு மற்ற அணியை அடிக்கவிடாமல் மறிக்கிறதுதான் என்ர வேலை, ஒரு கோல் அடிச்சதில்லை, ஒண்டுகூட. இண்டைக்கு, அரையிறுதியில, பின்னுக்கு நிண்டவள் பந்தையும் கொண்டு முன்னுக்கு ஓடி, தூரத்தில இருந்து உதைச்சு, அது ரெண்டு கம்பத்துக்கும் நடுவால போச்சுதாம். மெல்பேர்ன்காரரின்ர ஃபுட்டியில, அந்த நீள்வட்டப் பந்து ஆட்டத்தில, ஒரு வழக்கம் இருக்கு, ஒருத்தி தன்ர முதல் கோலை அடிச்சால் மைதானத்தின்ர எந்த மூலையில நிண்டாலும் அணி முழுக்க விழுந்தடிச்சு ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடிக்கவேணும். நான் எத்தினை பேருக்கு அப்பிடி ஓடியிருக்கிறன், ஒருநாள் எனக்கும் ஓடி வருவினம் எண்டு உள்ளுக்குள்ள ஒரு ஆசை, வெளியில சொன்னதில்லை. வந்தவையாம். எல்லாரும் வந்தவையாம். கெய்லி என்னைத் தூக்கினவளாம். நான் அழுதனாம்! நான் எங்க நிண்டனான் அப்ப?

இருக்கிறதைப் பாப்பம், நிரோஜினி, இல்லாததை விடு, இருக்கிறதைப் பார். நாலு பகுதி ஆட்டத்தில ரெண்டாவது பகுதி தொடங்கின விசில் இருக்கு. பக்கத்தில நிண்ட பச்சை உடுப்புக்காரி மூக்கை உறிஞ்சினது இருக்கு, சளி பிடிச்சிருக்கு பாவம் எண்டு நினைச்சனான், அந்த நினைப்புக்கூட முழுசா இருக்கு. அதுக்குப் பிறகு கெய்லியின்ர வாய். என்ர காதுக்குப் பக்கத்தில, சூடா, இனிப்பு மணத்தோட. நான் புல்லில கிடக்கிறன், முகத்துக்கு நேர வானம், கெய்லி குனிஞ்சு கடகடவெண்டு ஒப்புவிக்கிறாள், நாங்கள் எங்கட மைதானத்தில நிக்கிறம், இது ரெண்டாவது பகுதி, கடைசி கோல் நீ அடிச்சது, போனகிழமை வெண்டனாங்கள். இங்கிலிசிலதான் சொன்னவள், எனக்குத் தமிழாத்தான் விழுந்தது, அதில இருந்து எல்லாம் தமிழாத்தான் விழுது, இதென்ன கோதாரியோ தெரியாது. எங்கட அணியில இது எழுதாத சட்டம். ஆராவது மண்டை அடிபட்டு விழுந்தால் முதல் ஓடிப் போறவள் மறுமொழியைக் காதில போட்டுவிடவேணும், ஏனெண்டால் பின்னால முதலுதவிப் பெட்டியோட வாற லொறெய்ன் என்ன கேப்பா எண்டு எல்லாருக்கும் பாடம். எந்த மைதானம், எந்தப் பகுதி, கடைசி கோல் ஆர், போனகிழமை என்ன நடந்தது. பிழைச்சால் வெளியில எடுத்துப்போடுவா. லொறெய்ன் வந்தா. கேட்டா. நான் சொன்னன். ஒண்டும் பிழைக்கேல்லை. "கடைசி கோல் ஆர் அடிச்சது?" எண்டு கேக்க "நான்தான்" எண்டன், லொறெய்ன் சிரிச்சா, "அதை மறப்பியா நீ" எண்டா. மூச்சு அடைச்சுப் போச்சு, வேற ஒண்டுமில்லை எண்டு கெய்லி எனக்காகச் சொன்னாள். பேந்து பகுதி முடியிற சங்கு ஊதினது, கெய்லியின்ர தோளைப் பிடிச்சு நடந்து வந்தன், வழியில அவள்தான் சொன்னவள், "தலையை முன்னுக்குக் குடுத்துக்கொண்டு போனாய் விசரி, அந்தப் பச்சைக்காரியின்ர இடுப்பில போய் இடிச்சாய்." லொறெய்னுக்கு நான் சொன்னது மாதிரித்தான் கிளியும் மறுமொழி சொல்லும். சொன்னது நான் இல்லை, என்ர வாய்.

இப்பிடிச் சொல்ல எனக்குப் பழக்கம் இருக்கு, அதுதான் பயமா இருக்கு. எங்கட சனத்துக்குப் பிறந்தவளிட்டக் கேள்வி கேட்டால் மறுமொழி சொல்லுவாள், விளங்கிச்சோ விளங்கேல்லையோ சொல்லுவாள். சின்னனில சனிக்கிழமை காலமை தமிழ்ப் பள்ளிக்கூடம், பின்னேரம் கணக்கு ரியூசன், ஞாயிற்றுக்கிழமை பேச்சுப்போட்டிக்குப் பாடமாக்கிறது, அர்த்தம் தெரியாத வரியளை ஏற்ற இறக்கத்தோட, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி எத்தினை கோப்பை வாங்கியிருக்கிறன். அம்மா சொல்லுவா, சோதினைத் தாளில வெறும் இடம் விடக்கூடாது, தெரியாட்டியும் எதையாவது எழுதிப்போட்டு வா. எழுதிப்போட்டு வந்து வந்துதான் கொமர்ஸ் பட்டம் எடுத்தன், எடுத்து டிராம் ஓட்டுறன், அதை அம்மா இன்னும் சொந்தக்காரருக்குச் சொல்லேல்லை, போக்குவரத்துத் துறையில இருக்கிறாள் எண்டு சொல்லிச் சமாளிக்கிறா. இது சோதினை இல்லை மனுசி. லொறெய்ன் புள்ளி போட வரேல்லை. என்ர மண்டைக்குள்ள என்ன நடக்குது எண்டு என்னைத் தவிர ஆருக்கும் தெரியாததால என்னட்டக் கேட்டா, கேட்டதுக்கு நான் வேற ஒருத்தியின்ர மறுமொழியைக் குடுத்துப்போட்டு இருக்கிறன். பாஸ். நல்ல வடிவான பாஸ். லைற் வெளிச்சம் இடது கண்ணுக்குள்ள குத்துது, ஆரோ தண்ணிப் போத்திலைக் கீழ போட்ட சத்தம் பிடரியில போய் விழுந்தது. தலையிடி எண்டு சொல்லேலாது, தலை தூரத்தில இருக்கு, அவ்வளவுதான். சத்தி வருமோ? வராது. வரும்போல. தோடம்பழம் சாப்பிட்டது பிழை.

சொல்லாமல் விட்டால் என்ன. யோசி, வடிவா யோசி, உனக்கு யோசிக்க ஏலுமெண்டால். சொன்னால் இண்டைக்கு மிச்ச ஆட்டம் இல்லை, அதோட விடாது, மண்டை அடிபட்டதெண்டால் குறைஞ்சது மூண்டு கிழமை வெளியில, டொக்டர் கையெழுத்து வைக்கவேணும். இண்டைக்கு வெண்டால் வாற சனிக்கிழமை இறுதி ஆட்டம். இந்தக் கிளப்பில பொம்பிளையளின்ர அணி ஒருநாளும் இறுதி ஆட்டத்துக்குப் போனதில்லை. முதல் வருசம் நான் வரேக்க என்ர பேரைச் சொல்லத் தெரியாமல் நீரோ எண்டு வைச்சாளவை, சோறு சாப்பிட்டுப்போட்டோ ஓடுறாய் எண்டு பகிடி பண்ணினாளவை, பேந்து அதே ஆக்கள் என்ர சாப்பாட்டுப் பெட்டிக்கு அடிபட்டாளவை, மழையில சேத்தில புரண்டு தோத்துத் தோத்து, ஒரு கோடை முழுக்க வெறும் ஓட்டம் ஓடி, இப்பதான் வந்து நிக்கிறம். அந்தச் சனிக்கிழமை நான் சாதாரண உடுப்போட வேலிக்கு வெளியில நிக்கிறதோ? அட போ, ஒரு சின்ன இடி. நேற்றைக்கு அலுமாரிக் கதவில இடிச்சனான், அதுக்கு டொக்டரிட்டப் போனனானோ? அலுமாரியில இடிச்சது ஞாபகம் இருக்கு, அதுதான் வித்தியாசம், நிரோஜினி. சுத்திச் சுத்தி அதிலதான் வந்து நிக்கிறாய். ஓடி வந்தவையாம், கட்டிப்பிடிச்சவையாம். என்னைக் கேக்காமல் ஞாபகத்தில ஒரு துண்டை வெட்டி எடுத்துப்போட்டினம், இருக்கிறதுக்குள்ள நல்ல துண்டு அதுதான். இன்னொரு இடி விழுந்தால் எந்தத் துண்டு போகும்? நாளைக்குத் திங்கக்கிழமை, விடியவே டிராம் எடுக்கவேணும். ஒரு தரிப்பிடத்துக்கும் மற்றதுக்கும் நடுவில, பள்ளிக்கூடப் பிள்ளையள் தெருவைக் கடக்கிற இடத்தில, மூக்கை உறிஞ்சின சத்தத்துக்கும் கெய்லியின்ர வாய்க்கும் இடையில இருந்தது மாதிரி ஒண்டுமில்லாமல் போனால்?

ஆரில பிழை எண்டு பாத்தால் பச்சைக்காரியில பிழை இல்லை. அவள் பாவம் விலகத்தான் பாத்தவளாம், கெய்லியே சொன்னவள். நிலத்தில கிடக்கிற பந்துக்குப் போகேக்க தலையை முன்னுக்குக் குடுக்காதேங்கோ, பக்கவாட்டா திரும்பி, தோளைக் குடுத்து, முழங்காலை மடிச்சு எடுங்கோ எண்டு எங்கட கோச் கிரெக் பயிற்சிக்குப் பயிற்சி கத்துவார், அந்த மனிசன் தொண்டை கட்டினாலும் விடமாட்டார், "தலை கிளப்பின்ர சொத்தில்லை, உங்கட சொத்து" எண்டுவார், நாங்கள் அவருக்குப் பின்னால நிண்டு அதே மாதிரிச் சொல்லிச் சிரிப்பம். நான் ஏன் தலையைக் குடுத்தன்? கோல் அடிச்ச சந்தோசப் புழுகமாக்கும். புழுகத்தில குருட்டுத்தனமாப் போயிருப்பன், எனக்கு என்னைத் தெரியும். என்ர மண்டையை நான்தான் கொண்டுபோய் அவளின்ர இடுப்பில வைச்சன், இனி நான் விருமாண்டி மாதிரி வீரம் காட்ட வெளியில போய் இன்னொருக்கா விழுந்து எழும்பாமல் கிடந்தால், சளி பிடிச்ச அந்தப் பெட்டை வாழ்நாள் முழுக்க அதைச் சுமப்பாள். அவளுக்கு ஒண்டும் தெரியாது. லொறெய்னுக்கும் தெரியாது. அவ கேட்டதுக்கு நான் பொய் சொல்லிப்போட்டு, பேந்து ஏதும் நடந்தால் எல்லாரும் லொறெய்னைத்தான் பிடிச்சுத் தின்னுவினம், நீ பாத்தனீயோ, நீ ஏன் விட்டனீ எண்டு. சீ. சொல்லவேண்டியது நான்தான், வேற ஆருமில்லை. சொல்லுறன். இந்தா எழும்புறன். எழும்பினால் நிலம் கொஞ்சம் பிந்தி வருது. இரு, முதல் இரு.

"பிள்ளை! நிரோ!" வாசலில அப்பா. பொம்பிளையளின்ர அறை எண்டு உள்ளுக்க வரமாட்டார், கதவுக்கு வெளியில முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு கூப்பிடுறார். விமான நிலையத்தில பெட்டி ஏத்தி இறக்கிப் பழகின கை, அந்தக் கையில போன். சுவரைப் பிடிச்சு நடந்து போனன். "எடுத்துப்போட்டன்!" எண்டுறார், முகம் எல்லாம் வாய். "நீ ஓடத் தொடங்கினதில இருந்து முழுக்க எடுத்துப்போட்டன். அம்மாக்கு அனுப்பியாச்சு, லண்டன் சித்திக்கும் அனுப்பியாச்சு. பார், பார், எல்லாரும் உன்னை எப்பிடி..." அந்தா, அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கு. என்ர கோல். எட்டிப் பாத்தால் போதும். பாத்தால் எனக்கும் இருக்கும், நாளைக்கு ஆராவது கேட்டால் சொல்லலாம், காத்து எந்தப் பக்கம் அடிச்சது எண்டுகூடச் சொல்லலாம், கொஞ்சநாளில எனக்கே தெரியாமல் அது ஞாபகமாகிப் போகும், பேந்து லொறெய்ன் கேட்டாலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவன். கண் தன்ர பாட்டில போகுது. "காட்டாதேங்கோ அப்பா." "ஏனம்மா?" "காட்டாதேங்கோ எண்டு சொல்லுறன் எல்லே." கையால திரையைப் பொத்தினன். அப்பா என்னைப் பாத்தார். "நான் விழுந்ததும் இதில இருக்கோ?" எண்டு கேட்டன். "இருக்கு. நீ உடன எழும்பீட்டாய்." "உடனேயோ?" அவர் போனைப் பொக்கற்றுக்குள்ள வைச்சார். "அப்பா, உடனேயோ?" "கொஞ்சநேரம் கிடந்தாய் பிள்ளை. எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது, நான் போனைக் கீழ போட்டுட்டன்." இந்த மனிசன் ஃபுட்டி விளங்காமலே ஆறு வருசமா வேலிக்கு வெளியில நிண்டு கத்துறவர். "வீட்ட போவமோ? டொக்டரிட்டப் போவமோ?" எண்டார். "போவம். உள்ளுக்க ஒரு கதை இருக்கு, சொல்லிப்போட்டு வாறன்." "நானும் வரட்டோ?" "வேண்டாம், நான் சொல்லவேணும்."

திரும்பி உள்ளுக்க வந்தன். கிரெக், ஆர் எங்க நிக்கிறது எண்டு காந்தப் பலகையில எங்கட பேர்ப் பொத்தானுகளை நகர்த்திக்கொண்டு நிக்கிறார், எல்லாரும் சுத்தி நிக்கினம், லொறெய்ன் மூலையில ஆரின்ரயோ கணுக்காலுக்குப் பட்டி சுத்துறா. குரல் வருமோ எண்டு பாத்தன், வந்தது, கொஞ்சம் கூடுதலாவே வந்தது. "லொறெய்ன், என்னட்டத் திரும்பக் கேளுங்கோ." எல்லாரும் திரும்பிப் பாத்தினம். "என்னத்தைக் கேக்க?" "முந்திக் கேட்டதை." அவ பட்டியை வைச்சிட்டு வந்து எனக்கு முன்னால நிண்டா, கண்ணைப் பாத்தா. எந்த மைதானம்? எங்கட மைதானம், அது சுவரில எழுதிக் கிடக்கு. கடைசி கோல் ஆர் அடிச்சது? கெய்லி வாய் திறந்தாள், நான் கையைக் காட்டினன், பேசாதை எண்டு. "தெரியாது" எண்டன். ஆரோ சிரிச்சினம், பகிடி எண்டு நினைச்சிருப்பினம். "நான் எண்டு சொல்லுகினம். எனக்குத் தெரியாது. உதைச்சது தெரியாது, நீங்கள் எல்லாரும் ஓடி வந்தது தெரியாது, விழுந்தது தெரியாது. முந்திச் சொன்னது எல்லாம் கெய்லி காதில சொன்னது, நான் திருப்பிச் சொன்னனான்." தெரியாது எண்டு சொல்ல இவ்வளவு நல்லா இருக்கும் எண்டு ஆர் கண்டது, நெஞ்சுக்குள்ள இருந்த கல் ஒண்டு இறங்கினது. லொறெய்னின்ர முகம் வெளிறிப் போச்சு. கிரெக் கேட்டார், "நீரோ, நிச்சயமோ?" எனக்குத் தெரியும் அவர் என்னத்தைக் கேக்கிறார் எண்டு, அவருக்கும் மனசு ஆசைப்படும்தானே, என்னை விட்டால் பின்னுக்கு நிக்க ஆளில்லை. "நிச்சயம்" எண்டன். "நீங்கள்தானே சொன்னனீங்கள், ஆரின்ர சொத்து எண்டு." அவர் பலகைக்குத் திரும்பினார். பேந்து என்ர பொத்தானை எடுத்துத் தன்ர பொக்கற்றுக்குள்ள போட்டார். அழுகை வந்தது. வரட்டும், இந்த அழுகையாவது எனக்கு ஞாபகம் இருக்கும்.

எல்லாரும் வெளிக்கிட்டினம். ஒருத்தி தோளைத் தொட்டாள், ஒருத்தி என்னைப் பாக்காமலே போனாள், அவளை நான் குறை சொல்லமாட்டன். லொறெய்ன் என்னை இருத்தி, தண்ணி தந்து, அப்பாவைக் கூட்டிவரப் போனா. கெய்லி மட்டும் கதவடியில நிண்டாள், பல்லுக்குப் போடுற காப்பு கையில, முகம் சிவந்துபோய். "என்னை எல்லாருக்கும் முன்னால காட்டிக் குடுத்திட்டாய்" எண்டாள். "ஓம்" எண்டன். "நான் உனக்கு உதவிதானே செய்தனான்." "தெரியும் கெய்லி. நீ நல்லவள். இனிச் செய்யாதை." வெளியில சனம் கத்துது, மூண்டாவது பகுதிக்கு அணி இறங்குது, அவள் போகவேணும், போகேல்லை. "வெண்டால் வாற சனிக்கிழமை இறுதி ஆட்டம். நீ சும்மா வேலியடியில நிப்பாய். நான் விழுந்து கிடந்தால் ஓடி வந்து என்ர காதில என்ன சொல்லுவாய்?" அவளுக்குக் கண் கலங்கியிருக்கு, அவளுக்கும் பயம், இவ்வளவு நாளும் நான் அதைப் பாக்கேல்லை. "ஒண்டும் சொல்லமாட்டன். கையைத் தூக்கி லொறெய்னைக் கூப்பிடுவன்." "என்னை வெளியில எடுத்தால்?" "எடுக்கட்டும்." "அப்பிடிச் செய்தால் சாகும்வரைக்கும் உன்னை வெறுப்பன் நீரோ." "வடிவா வெறு" எண்டன். "ஆரை வெறுக்கிறாய் எண்டு உனக்கு ஞாபகம் இருந்தால் எனக்கு அது போதும்."